கெர்னல் மாட்யூலுக்குள்ளிருந்து ஃபைல் எழுதுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பரங்குன்றம், திருமங்கலம், அழகர்கோவில் சாலை என மதுரையைச் சுற்றியுள்ள கல்லூரிகளின் இறுதியாண்டு மாணவர்களும், இலந்தைக்குளம், வடபழஞ்சி எல்காட் பூங்காக்களில் எம்பெடெட் வேலைக்குப் புதிதாக வந்தவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறோம். பேச்சு முழுவதும் லினக்ஸ் கெர்னல் (ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் உட்கரு) பற்றியது. ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலில் ஏற்றி இறக்கும் கோடுதான் மாட்யூல். ஃபங்ஷன் பெயர்கள் வாயால் சொல்கிறபடி தமிழில் இருக்கின்றன. அடிக்கோடு உள்ள இடத்தில் அடிக்கோடு போட்டு ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

அண்ணே, மாட்யூல்ல இருந்து நேரா ஃபைல் எழுதலாமா? ஒருத்தர் முடியும்ங்கிறார், இன்னொருத்தர் கூடவே கூடாதுங்கிறார்.

இருவர் சொல்வதும் சரிதான். முடியும். கெர்னலே அதைச் செய்கிறது: புரோகிராம் செத்தால் விழும் கோர் டம்ப், லூப் டிவைஸ், என்எஃப்எஸ் சர்வர், பென்டிரைவ் போல நடிக்கும் யுஎஸ்பி மாஸ் ஸ்டோரேஜ் கேட்ஜெட் எல்லாமே கெர்னலுக்குள் இருந்தபடி ஃபைலைத் தொடுகின்றன.

கூடாது என்பவர்கள் சொல்ல வருவது வேறு. எந்தப் பாதையில், எந்தப் பெயரில், யாருடைய அனுமதியில், டிஸ்க் நிறைந்தால் என்ன செய்வது என்பதெல்லாம் அந்தந்த ஊரின் முடிவுகள். அவற்றை டிரைவருக்குள் அடித்துவைத்தால் அடுத்த கம்ப்யூட்டரில் உதைக்கும். லாக் எழுத மட்டும்தான் இது வேண்டும் என்றால், கடைசிக் கேள்விக்கு முதலில் போய்விட்டு வாருங்கள்.

சாதா சி புரோகிராம்ல போடுற ஓப்பன், எஃப்பிரின்ட்எஃப் ஏன் இங்கிட்டு ஓடல?

அவை சி லைப்ரரியில் இருப்பவை. கெர்னலுக்குள் அந்த லைப்ரரியே கிடையாது. ஓப்பன் திருப்பித் தரும் எண்ணும் ஒரு புரோசஸின் ஃபைல் பட்டியலில் உள்ள இடத்தைத்தான் குறிக்கிறது. கெர்னலுக்குள் அந்த எண் இல்லாமல், ஃபைல் ஸ்ட்ரக்சரின் பாயின்டரையே நேராகக் கையில் வைத்துக்கொள்கிறோம்.

சரி, குறைஞ்சபட்சம் என்னென்ன எழுதணும்?

மூன்று அழைப்புகள் போதும். திறக்க ஃபில்ப்_ஓப்பன், எழுத கெர்னல்_ரைட், மூட ஃபில்ப்_குளோஸ். திறக்கும்போது முழுப் பாதை, கொடிகள், அனுமதி மூன்றையும் கொடுக்க வேண்டும். புதிதாக உருவாக்கி வாலில் சேர்த்துக்கொண்டே போக ஓ_கிரியேட், ஓ_டபிள்யூஆர்ஒன்லி, ஓ_அப்பெண்ட், ஓ_லார்ஜ்ஃபைல் நான்கையும் ஆர் போட்டுச் சேருங்கள், அனுமதி 0644. ஓ_கிரியேட்டை ஆங்கிலத்தில் அடிக்கும்போது கடைசி 'ஈ' கிடையாது. அதைச் சேர்த்து அடித்துவிட்டுக் கம்பைலரைத் திட்டாதவர்கள் குறைவு.

எழுதும் வரி இப்படி: கெர்னல்_ரைட்(ஃபைல், பஃபர், நீளம், &இடம்). இடம் என்பது லாஃப்_டி வகை மாறி. 0 என்று தொடங்குங்கள், ஒவ்வொரு எழுத்துக்கும் பிறகு அது தானாக நகரும். திரும்பி வரும் எண் எழுதப்பட்ட பைட்டுகள். மைனஸ் என்றால் பிழை. கேட்டதைவிடக் குறைவு என்றால் மிச்சத்தை நீங்கள்தான் மறுபடி எழுத வேண்டும். மூடும்போது ஃபில்ப்_குளோஸின் இரண்டாவது இடத்தில் நல் (வெற்றுப் பாயின்டர்) கொடுங்கள்.

பஃபரை ஃபங்ஷனுக்குள் பெரிய அரேயாக அறிவிக்காதீர்கள். 64 பிட் இன்டெல் வகைக் கம்ப்யூட்டரில் கெர்னல் ஸ்டாக் மொத்தமே 16 கேபி. ஃபைல் சிஸ்டம், பிளாக் லேயர், டிஸ்க் டிரைவர் எல்லாம் உங்களுக்குக் கீழே அதே ஸ்டாக்கில்தான் இறங்கும். சில நூறு பைட்டுக்கு மேல் வேண்டுமென்றால் கேமல்லாக் கொண்டு தனியாக நினைவகம் வாங்குங்கள்.

ஃபைல் திறக்கலைன்னா நல் வருதான்னு பாத்துட்டுத்தான் எழுதுறேன். இருந்தும் ஊப்ஸ் வருதே?

ஊப்ஸ் என்பது கெர்னல் தன் கோட்டிலேயே கண்ட பிழையை அறிவிப்பது. ஃபில்ப்_ஓப்பன் தோற்றால் நல் வராது. பிழை எண்ணையே பாயின்டர் வேடத்தில் திருப்பித் தரும். உங்கள் சோதனை அதை நல்ல பாயின்டர் என்று நம்பி உள்ளே விட்டுவிடுகிறது. இஸ்_எர் கொண்டு சோதியுங்கள்; பிழை எண்ணைப் பிடிஆர்_எர் கொண்டு எடுத்து டிமெசேஜில் (கெர்னல் லாக்கில்) அச்சிடுங்கள். மாட்யூல் இறங்கும் இடத்தில் உள்ள ஃபில்ப்_குளோஸுக்கும் இதே சோதனை வேண்டும். திறக்காததை மூடப்போய் விழுந்தவை ஏராளம்.

மைனஸ் நம்பர் வருது சார், அர்த்தம் என்னன்னு எங்க பாக்குறது?

அடிக்கடி வருபவை இவைதான். -2: பாதையில் ஏதோ ஒரு டைரக்டரி இல்லை, ஓ_கிரியேட் ஃபைலைத்தான் உருவாக்கும், நடுவில் உள்ள டைரக்டரியை அல்ல. -13: அனுமதி இல்லை, அல்லது ஆப்ஆர்மர், எஸ்இலினக்ஸ் போன்ற பாதுகாப்பு அடுக்கு தடுத்திருக்கிறது. -21: நீங்கள் கொடுத்தது டைரக்டரியின் பெயர். -28: டிஸ்க் நிறைந்துவிட்டது. -30: படிக்க மட்டும் என்று மவுன்ட் ஆகியிருக்கிறது. பூட் ஆகும்போதே ஏறும் மாட்யூலில் -2, -30 இரண்டும் சகஜம், ஏனென்றால் உண்மையான ரூட் ஃபைல் சிஸ்டம் இன்னும் வந்திருக்காது, அல்லது எழுதும் நிலைக்கு வந்திருக்காது. -14, -22, -27, -75 ஆகியவை கீழே தனியாக வருகின்றன.

நெட்ல கிடைச்ச கோடுல செட்_எஃப்எஸ், விஎஃப்எஸ்_ரைட்னு இருக்கு. உபுண்டு 22.04-ல கம்பைலே ஆகமாட்டேங்குது.

அது காலாவதியான வழி. ரைட் அழைப்புகள் யூசர் முகவரியை எதிர்பார்ப்பவை; கெர்னல் முகவரியைக் கொடுத்தால் -14 என்று திருப்பி அடிக்கும். அந்தச் சோதனையைத் தற்காலிகமாகத் தளர்த்தத்தான் செட்_எஃப்எஸ் இருந்தது. தளர்த்தியதை மறுபடி இறுக்க மறந்தால் யூசர் புரோகிராமே கெர்னல் நினைவகத்தில் எழுதலாம். பாதுகாப்பு ஓட்டைகளின் பொதுப் பட்டியலில் 2010-ல் பதிவான சிவிஇ-2010-4258 அப்படிப்பட்ட ஓட்டைதான். கெர்னல் 5.10 பதிப்பில் இன்டெல் வகைக் கம்ப்யூட்டர்களிலிருந்து செட்_எஃப்எஸ் போனது, 5.18-ல் முழுவதுமாகப் போனது. உபுண்டு 22.04-ல் வருவது 5.15, 24.04-ல் வருவது 6.8. விஎஃப்எஸ்_ரைட்டும் இப்போது மாட்யூல்களுக்கு எக்ஸ்போர்ட் ஆவதில்லை.

கெர்னல்_ரைட்டிலும் ஒரு பொறி உண்டு. 4.14-க்கு முன்னால் கடைசி இடத்தில் இடத்தின் மதிப்பைக் கொடுக்க வேண்டும்; அதற்குப் பிறகு அதன் முகவரியை. கெர்னல்_ரீடில் வரிசையே மாறிவிட்டது. பழைய போர்டு ஏதாவது 4.9-ல் ஓடினால் பதிப்பு எண்ணைப் பார்த்து இரண்டு விதமாகவும் எழுதிவையுங்கள்.

ஃபைல் உருவாச்சுங்கிறான், ஆனா நான் நெனச்ச எடத்துல இல்ல. 0666 குடுத்தேன், 0644-ன்னு காட்டுது.

இந்தக் கேள்வியில் பிடிபடும் விஷயம் பின்னால் வரும் பாதிக் கேள்விகளுக்குப் பதில். கெர்னல் கோடு எப்போதும் ஏதோ ஒரு புரோசஸின் முதுகில்தான் ஓடுகிறது. அந்தப் புரோசஸைக் காட்டும் பாயின்டருக்குக் கர்ரென்ட் என்று பெயர். (மின்வாரியக் கரண்ட் வேறு, அதுவும் கீழே வருகிறது.) ஃபில்ப்_ஓப்பன் பாதையைத் தேடுவது கர்ரென்டின் ரூட்டிலும் அதன் வேலை டைரக்டரியிலும், அனுமதியைக் கழிப்பது கர்ரென்டின் யூமாஸ்க்கை (புது ஃபைலில் எந்த அனுமதிகளைக் கழிக்க வேண்டும் என்ற எண்) வைத்து.

மாட்யூல் ஏறியதும் ஓடும் இனிட் ஃபங்ஷனுக்குள் கர்ரென்ட் யார்? மாட்யூலை ஏற்றும் இன்ஸ்மாட் கட்டளை. எந்த டைரக்டரியில் நின்று இன்ஸ்மாட் அடித்தீர்களோ அங்கேதான் ஃபைல் விழும். வழக்கமான யூமாஸ்க் 022, அதனால் 0666 தேய்ந்து 0644 ஆகிறது. கன்டெய்னருக்குள் இருந்து இன்ஸ்மாட் செய்தால் அந்தக் கன்டெய்னரின் ஃபைல் சிஸ்டத்துக்குள் போய் விழும். ஆகவே முழுப் பாதை கொடுங்கள், எதையும் எழுதத் தொடங்கும் முன் 'இப்போது கர்ரென்ட் யார்?' என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சூடோ போட்டு இன்ஸ்மாட் பண்ணுனா எழுதுது. அதையே ஐஆக்டில் மூலமா எழுதச் சொன்னா -13. கெர்னல்னா எல்லாம் பண்ணலாம்ல?

மேலே சொன்ன அதே கர்ரென்ட்தான். ஐஆக்டில் (யூசர் புரோகிராம் டிவைஸுக்குக் கட்டளை அனுப்பும் அழைப்பு) வரும்போது கர்ரென்ட், அதை அழைத்த சாதாரண யூசரின் புரோகிராம், அனுமதியும் அவருடையதே. அனுமதி முக்கியமாகப் பார்க்கப்படுவது திறக்கும் நேரத்தில். அதனால் இனிட்டிலேயே திறந்து வைத்துக்கொண்டால் பிறகு யார் அழைத்தாலும் எழுதும்.

ஓவர்ரைடு_கிரெட்ஸ் போட்டு ரூட்டாக மாறிவிடலாம் என்று சிலர் காட்டுவார்கள். பாதை யூசரிடமிருந்து வருகிறது என்றால் அதைச் செய்யவே செய்யாதீர்கள். எந்த யூசரும் எந்த ஃபைலையும் அழிக்க நீங்களே சாவி கொடுத்ததாகிவிடும்.

வாடிப்பட்டித் தோப்புல மழைமானி வச்சிருக்கோம். ஒவ்வொரு தட்டு கவுர்றப்பவும் ஜிபிஐஓ இன்டரப்ட் வருது. ஹேண்ட்லர்லயே ஃபைல் எழுதுனா சிஸ்டம் தொங்கிருது.

ஃபைல் எழுதுவது தூங்கக்கூடிய வேலை. டிஸ்க் பதில் சொல்லும்வரை, பக்கம் கிடைக்கும்வரை, வேறொருவர் பூட்டை விடும்வரை காத்திருக்க நேரும். இன்டரப்ட் ஹேண்ட்லரில் (ஹார்டுவேர் குறுக்கிட்டதும் உடனே ஓடும் ஃபங்ஷனில்) தூங்க முடியாது. ஸ்பின்லாக்கை (காத்திருப்பவர் தூங்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும் பூட்டை) பிடித்திருக்கும்போதும், டைமர் கால்பேக்கிலும் முடியாது. டிமெசேஜில் 'ஷெட்யூலிங் வைல் அடாமிக்' என்று வந்தால் காரணம் இதுவே. சில நாள் தொங்காமல் ஓடுவதும் உண்டு; தேவையான பக்கம் ஏற்கெனவே கேஷில் இருந்தால் தூங்க நேராது. லேபில் ஓடியது டெமோ அன்று படுத்துவிடுவது இதனால்தான். வளர்க்கும் கெர்னலில் கான்ஃபிக்_டீபக்_அடாமிக்_ஸ்லீப்பைப் போட்டுவைத்தால் முதல் நாளே காட்டிக்கொடுக்கும்.

வழி இது: ஹேண்ட்லர் நேரத்தை மட்டும் குறித்து கேஃபைஃபோவில் (கெர்னலின் வரிசைப் பஃபரில்) போடட்டும், ஷெட்யூல்_வொர்க் அழைத்துவிட்டுத் திரும்பட்டும். வொர்க் ஃபங்ஷன் ஒரு கெர்னல் த்ரெட்டில் ஓடும். அங்கே தூங்கலாம், ஃபைல் எழுதலாம். கேஃபைஃபோவின் அளவு 2-ன் அடுக்காக இருக்க வேண்டும். 256 என்று வையுங்கள். போடுபவர் ஒருவர், எடுப்பவர் ஒருவர் என்றால் தனிப் பூட்டு வேண்டாம். வரிசையில் நிற்கும் வொர்க்கை மறுபடி ஷெட்யூல் செய்தால் இரண்டு முறை ஓடாது, ஒரே முறைதான். ஆகவே ஒரு வொர்க்குக்கு ஒரு பதிவு என்று கணக்குப் போட்டால் மழை வலுக்கும்போது தட்டுகள் காணாமல் போகும். வொர்க் ஓடும் ஒவ்வொரு முறையும் கேஃபைஃபோ காலியாகும்வரை எடுத்து எழுதுங்கள்.

த்ரெடெட் ஐஆர்க்யூ (இன்டரப்ட் வேலையின் பிற்பகுதியைத் தனி த்ரெட்டில் ஓட்டுவது) போட்டால் த்ரெட் பகுதியில் எழுதலாமே என்றால், எழுதலாம். ஆனால் ஒன்ஷாட் கொடியோடு போட்டால் அந்த த்ரெட் முடியும்வரை இன்டரப்ட் மூடியே இருக்கும். எஸ்டி கார்டு ஒரு நொடி திணறினால் அந்த நொடியில் கவிழ்ந்த தட்டுகளின் கணக்குத் தவறலாம்.

ஆர்எம்மாட் பண்ணின கொஞ்ச நேரத்துல பேனிக் ஆவுது. எல்லாத்தையும் மூடிட்டுத்தானே போறேன்?

பேனிக் என்றால் கெர்னல் மீள முடியாமல் நின்றுவிடுவது. இங்கே மூடும் வரிசை தப்பு. முதலில் ஃப்ரீ_ஐஆர்க்யூ, இனி புதிதாக எதுவும் வராது. அடுத்து கேன்சல்_வொர்க்_சிங்க், ஓடிக்கொண்டிருக்கும் வொர்க் முடியும்வரை காத்திருக்கும். பிறகு கேஃபைஃபோவில் தேங்கியதை எழுதிவிட்டு, கடைசியாக ஃபில்ப்_குளோஸ். வொர்க்கை நிறுத்தாமல் போனால் மாட்யூலின் கோடே நினைவகத்திலிருந்து போன பிறகு கெர்னல் அந்த முகவரிக்குத் தாவும். பேனிக் கொஞ்ச நேரம் கழித்து வருவதும் அதனால்தான்.

ஃபைல்ல நம்ம எழுதுன வரிக்கு அப்புறம் குப்பையா என்னென்னமோ வருது.

எஸ்என்பிரின்ட்எஃப் திருப்பும் எண் 'எழுதிய நீளம்' அல்ல; பஃபர் போதுமான அளவு இருந்திருந்தால் எவ்வளவு எழுதியிருக்குமோ அது. வரி வெட்டுப்பட்டால் அந்த எண் பஃபரைவிடப் பெரிதாகி, பஃபருக்கு அப்பால் இருக்கும் கெர்னல் நினைவகமும் ஃபைலுக்குள் போய்விடும். பார்க்கக் குப்பை, உண்மையில் தகவல் கசிவு. எஸ்சிஎன்பிரின்ட்எஃப் பயன்படுத்துங்கள். பஃபரின் சைஸ்ஆஃபையே நீளமாகக் கொடுப்பது இன்னொரு காரணம். அப்போது பூஜ்ய பைட்டுகளும், கேமல்லாக் தந்த பழைய மிச்சமும் சேர்ந்து விழும்.

கரண்ட் போயிருச்சுன்னா எழுதுனது இருக்குமாண்ணே?

கெர்னல்_ரைட் வெற்றி என்று சொன்னாலும் டேட்டா பேஜ் கேஷில்தான் (ரேமில்) இருக்கிறது, எஸ்டி கார்டுக்குப் போகவில்லை. இயல்பான அமைப்பில் 30 நொடி பழசான பக்கங்களைத்தான் கெர்னல் டிஸ்க்குக்குத் தள்ளத் தொடங்கும். அதற்கான த்ரெட் 5 நொடிக்கு ஒரு முறை விழிக்கும். ஆக, கரண்ட் போகும்போது கடைசி அரை நிமிடப் பதிவுகள் போய்விடலாம்.

உடனே தள்ள விஎஃப்எஸ்_எஃப்சிங்க்(ஃபைல், 0). வரிக்கு ஒரு முறை அதை அழைத்தால் எஸ்டி கார்டு தேயும், வேகமும் படுக்கும். மழைமானி மாதிரி வேலைக்கு 10 நொடிக்கு ஒரு முறையோ 4 கேபி சேர்ந்ததுமோ அழைத்தால் போதும். தோப்பில் மோட்டார் ஓடும் அதே லைனில் போர்டையும் போட்டிருந்தால் சின்ன யுபிஎஸ் வையுங்கள். எஃப்சிங்க் செய்யாத வேலையை அது செய்யும்.

மாட்யூலை எறக்கி ஏத்துனா பழைய டேட்டா மேலயே எழுதுது.

இடம் மறுபடி 0-விலிருந்து தொடங்குகிறது. ஓ_அப்பெண்ட் இருந்தால் இடத்தில் என்ன இருந்தாலும் ஒவ்வொரு எழுத்தும் வாலுக்குப் போகும். லாக் ஃபைல்களை அவ்வப்போது மாற்றிவைக்கும் லாக்ரொடேட் வைத்திருந்தாலும் அந்தக் கொடி அவசியம்: காப்பிட்ரங்கேட் முறையில் ஃபைல் வெட்டப்பட்ட பிறகு, ஓ_அப்பெண்ட் இல்லாத மாட்யூல் பழைய இடத்திலேயே எழுதும்; முன்பகுதி முழுக்க பூஜ்யங்களாக ஓட்டை விழும். பெயரை மாற்றும் வழக்கமான முறை என்றால் உங்கள் மாட்யூல் பெயர் மாறிய பழைய ஃபைலிலேயே எழுதிக்கொண்டிருக்கும், ஏனென்றால் அது பிடித்திருப்பது ஃபைலை, பெயரை அல்ல.

2 ஜிபி தாண்டுனதும் எழுத மாட்டேங்குது. 64 பிட் கம்ப்யூட்டர்தானே?

ஓ_லார்ஜ்ஃபைலை விட்டிருப்பீர்கள். யூசர் புரோகிராம் என்றால் 64 பிட் சிஸ்டம் கால் தானாகச் சேர்த்துவிடும். ஃபில்ப்_ஓப்பன் சேர்ப்பதை நம்ப முடியாது. எழுதும்போது -27, பெரிய ஃபைலைத் திறக்கும்போது -75 வந்தால் இதுதான்.

பென்டிரைவ்ல எழுதுறோம். அன்மவுன்ட் பண்ணுனா பிஸிங்குது, எல்எஸ்ஓஎஃப் போட்டா யாருமே புடிச்சிருக்கலைன்னு காட்டுது.

பிடித்திருப்பது உங்கள் மாட்யூல். எல்எஸ்ஓஎஃப், ஃபியூசர் இரண்டும் புரோசஸ்களின் ஃபைல் பட்டியலைத்தான் பார்க்கும். இரண்டாவது கேள்வியில் சொன்னபடி நம் ஃபைலுக்கு அந்தப் பட்டியலில் இடமே இல்லை. ஆர்எம்மாட் செய்துவிட்டு அன்மவுன்ட் செய்யுங்கள்.

புரோகிராம் ஒழுங்கா குளோஸ் பண்ணுனா சரியா எழுதுது. கன்ட்ரோல்-சி அடிச்சா மட்டும் ஊப்ஸ். தலைய பிச்சிக்கலாம் போல இருக்கு.

உங்கள் டிவைஸின் ரிலீஸ் ஃபங்ஷனில் (டிவைஸ் மூடப்படும்போது ஓடுவது) ஃபில்ப்_ஓப்பன் இருக்கிறதா பாருங்கள். புரோசஸ் சாகும்போது கெர்னல் முதலில் அதன் ஃபைல்களை விடுகிறது, ஆனால் ரிலீஸை உடனே அழைப்பதில்லை, பின்னால் செய்யும் வேலையாக ஒதுக்கி வைக்கிறது. அடுத்து புரோசஸின் ரூட், வேலை டைரக்டரி, யூமாஸ்க் இருக்கும் எஃப்எஸ் ஸ்ட்ரக்சரை எடுத்துவிடுகிறது. அதற்குப் பிறகுதான் ஒதுக்கி வைத்த ரிலீஸ் ஓடும். கர்ரென்ட் இருக்கிறது, கர்ரென்டின் எஃப்எஸ் நல். பாதையைத் தேடப்போன ஃபில்ப்_ஓப்பன் அந்த நல்லில் கால்வைத்து விழுகிறது. சாதாரண குளோஸில் புரோசஸ் உயிரோடு இருப்பதால் பிரச்சினை தெரிவதில்லை.

டிவைஸைத் திறக்கும்போதே ஃபைலையும் திறந்துவையுங்கள். ரிலீஸில் கெர்னல்_ரைட்டும் ஃபில்ப்_குளோஸும் மட்டும் இருக்கட்டும். அவற்றுக்குப் பாதை தேவையில்லை. முடியாவிட்டால் திறப்பதை வொர்க்குக்குத் தள்ளுங்கள்.

டெவ் டைரக்டரியில இருக்குற ஒரு டிவைஸுக்கு கெர்னல்_ரைட் பண்ணுனா -22. சாதா ஃபைலுக்கு ஓடுது.

5.10 முதல் அந்த ஃபைலின் டிரைவர் ரைட்_ஐடர் (புதுப் பாணி எழுதும் ஃபங்ஷன்) கொடுத்திருக்க வேண்டும்; பழைய பாணி ரைட் மட்டும் இருந்தாலோ, இரண்டும் சேர்ந்து இருந்தாலோ -22 வரும். எக்ஸ்டி4 போன்ற ஃபைல் சிஸ்டங்களில் ரைட்_ஐடர்தான் உண்டு, அதனால் ஓடுகிறது. டிரைவர் உங்களுடையது என்றால் ரைட்_ஐடருக்கு மாற்றுங்கள். அதைவிட, அந்த டிரைவரின் ஃபங்ஷனை நேராக அழைப்பது மேல்.

டைரக்டரியும் மாட்யூலே உருவாக்கணும்.

விஎஃப்எஸ்_எம்கேடிர் இருக்கிறது, ஆனால் அதன் உருவம் 5.12-ல் ஒரு முறை, 6.3-ல் ஒரு முறை என்று மாறிக்கொண்டே வருகிறது. உங்கள் கோடு முழுக்கப் பதிப்புச் சோதனைகளாகிவிடும். மாட்யூலை ஏற்றும் ஸ்கிரிப்டில் ஒரு எம்கேடிர் வரி போடுங்கள்.

அதே மாட்யூலை ஆண்ட்ராய்டு போர்டுல ஏத்துனா சிம்பல் நேம்ஸ்பேஸ்னு ஏதோ சொல்லி மறுக்குது.

ஆண்ட்ராய்டின் பொதுக் கெர்னலில் ஃபைல் ஃபங்ஷன்களைத் தனி நேம்ஸ்பேஸுக்குள் பூட்டியிருக்கிறார்கள். அதற்கு முதலில் வைத்த பெயரை விரித்தால் 'நான் உண்மையாகவே ஒரு ஃபைல் சிஸ்டம், டிரைவர் இல்லை' என்று வரும். மாட்யூல்_இம்போர்ட்_என்எஸ் போட்டால் ஏறும், ஆனால் அந்தப் பொய்ச் சத்தியத்தை நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

வைவாவுல "இத ஏன் கெர்னல்ல பண்ணுன?"ன்னு கேட்டா என்ன சொல்றது? வேற வழி என்னதான் இருக்கு?

லாக்குக்காகச் செய்தேன் என்றால் நல்ல பதில் கிடையாது, அதனால் வழியை மாற்றிவிடுங்கள். மழைமானியையே எடுத்துக்கொள்வோம். இன்டரப்ட், கேஃபைஃபோ அப்படியே இருக்கட்டும். வொர்க்கை எடுத்துவிட்டு மிஸ்க் டிவைஸ் (எளிய கேரக்டர் டிவைஸ்) ஒன்றைப் பதிவு செய்யுங்கள். அதன் ரீட் ஃபங்ஷன் கேஃபைஃபோ காலியாக இருந்தால் வெயிட் க்யூவில் தூங்கட்டும், ஹேண்ட்லர் எழுப்பட்டும். யூசர் பக்கம் கேட் கட்டளையை அந்த டிவைஸிலிருந்து ஒரு ஃபைலுக்குத் திருப்பிவிட்டாலே பதிவு நடக்கும். பாதை, அனுமதி, லாக்ரொடேட், எஃப்சிங்க் எல்லாம் 20 வரி ஸ்கிரிப்டுக்குப் போய்விடும். மேலே உள்ள கேள்விகளில் பெரும்பாதி எழவே எழாது.

சோதிக்கும்போது உள்நிலையைப் பார்க்க மட்டும் என்றால் டீபக்எஃப்எஸ்ஸில் சீக்_ஃபைல் ஒன்று. அமைப்பு மதிப்பு ஒன்றிரண்டு என்றால் சிஸ்எஃப்எஸ். நொடிக்குப் பல எம்பி பாயும் என்றால் ரிலே. தொடக்கத்தில் ஒரு அமைப்பு ஃபைலைப் படிக்க வேண்டும் என்றால் ரிக்வெஸ்ட்_ஃபர்ம்வேர். அது ஃபர்ம்வேர் டைரக்டரியில் தானே தேடிக்கொள்ளும். பேனிக் ஆன நேரத்து லாக் வேண்டும் என்றால் பிஸ்டோர். அந்த நேரத்தில் கெர்னல்_ரைட்டை நம்பினால் ஃபைல் சிஸ்டமும் சேர்ந்து கெடும்.